1970 ஜனவரி ஒன்று, காலை ஐந்தரை

மண்டூர்த் துறையில்
வாவியின் மட்டம் பார்க்கிற பெட்டி
போன கிழமை முழுக்க
ஒரே நாளில் இருந்திருக்கிறது.
மழை இருட்டில் பற்றரி இறங்கும்,
வெயில் ஏற எழும்பும்.
எழும்பும்போதெல்லாம் அதற்கு
1970 ஜனவரி ஒன்று, காலை ஐந்தரை.
வெள்ளம் ஏறியதை எழுதியிருக்கிறது, பிழையில்லாமல்,
நான் பிறக்காத வருடத்தில்.

மூடியைக் கழற்றினேன்.
நேரத்தைத் தாங்கவேண்டிய குண்டுப் பற்றரி
காசளவு,
உப்புக் காற்றில் பச்சை பூத்துக் கிடந்தது.
மாற்றுவதற்குக் கையில் இல்லை. கல்முனையில் கேட்கவேணும்.

லப்டொப்பை மடியில் வைத்து
கேபிளைக் கொழுவி உள்ளே போனேன்.
சிக்னல் இரண்டு கோடு.
கொழும்புச் சேர்வர் நீட்டிய சான்றிதழைப்
பெட்டி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
இது இன்னும் தொடங்கவேயில்லை,
ஐம்பது சொச்ச வருடம் கழித்து வா என்றது.
எனக்கு முதல் வந்தவர்
நேரம் கேட்கிற வழியையும்
அதே பூட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.
நேரம் சரியென்றால் கதவு திறக்கும்.
கதவு திறந்தால் நேரம் கேட்கலாம்.
அவரைத் திட்டினேன். பெயர் தெரியாது.

அந்த வரியை அழித்தேன்.
நான்கு சேர்வர் எழுதினேன்.
இரண்டென்றால் காணாது:
ஆளுக்கொரு நேரம் சொன்னால்
எது பொய்யென்று பெட்டிக்குத் தெரியாது.
முதல் மூன்று தரம் பாயலாம் என்று எழுதினேன்.
மறுகா பாயக்கூடாது.
செக்கனைக் கொஞ்சம் நீட்டி, கொஞ்சம் சுருக்கி
ஒருவருக்கும் தெரியாமல் கிட்ட வரவேணும்.

நேர வலயம்: ஆசியா, கொழும்பு.
சரிபார்க்க அதன் கதையைத் திரையில் விரித்தேன்.
தொண்ணூற்றாறு மே: ஆறரை.
அதே வருடம் ஒக்டோபர்: ஆறு.
இரண்டாயிரத்தாறு ஏப்ரல்: திரும்பவும் ஐந்தரை.

குருமண்வெளியிலிருந்து பாதை வந்து தட்டியது.
மூன்று மோட்டார்சைக்கிள், ஒரு காஸ் சிலிண்டர்,
குடை விரித்த ஒரு ரீச்சர்.
பூபாலரெத்தினம் கயிற்றைச் சுற்றிவிட்டு
என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.
"இதில அக்கரை நேரம் மட்டும்தானே கிடக்கு."

பிறகு, கேட்காமலே:
"அந்த நாளையில
அங்க எட்டுக்கு வெளிக்கிட்டா
இஞ்ச ஏழே முக்காலுக்கு இறங்கலாம்.
கிறுகிப் போறதுக்கு முக்கால் மணித்தியாலம்.
அதே மெசின், அதே தண்ணி.
எங்கட மச்சாள் ஒருத்தி
வீட்டு மணிக்கூட்டப் பாத்துச் சோதினைக்குப் போனவள்.
கேற்றுக்கு வெளியில நிண்டிட்டு வந்தவள்."
அதற்கு மேல் சொல்லவில்லை.
சிலிண்டரை இறக்கப் போனார்.

ஒரு நாளை எடுத்துப் பெட்டியிடம் கேட்டேன்:
தொண்ணூற்றொன்பது டிசம்பர், காலை எட்டு,
எந்தக் கணக்கு?
ஆறு, என்றது உடனே.
மண்டூரில் அன்றைக்கு ஆறு இருக்கவில்லை.
மண்டூருக்கென்று வரியும் இல்லை.
அந்தக் கோப்பை எழுதியவர்கள்
பாதையேறிப் பார்க்கவில்லை;
அவர்களைக் குறை சொல்லவும் ஏலாது,
இக்கரை மணிக்கூட்டை யாரும்
எங்கேயும் அனுப்பி வைக்கவில்லை.

நானும் சேர்க்கவில்லை.
எனக்குத் தந்த வேலை இன்றைய நேரம்.
பதிவுகளை மட்டும் யூடிசிக்கு மாற்றினேன்,
எந்தக் கரைக்கும் சொந்தமில்லாத நேரம்.
வலயத்தைப் பிறகு வாசிக்கிறவர் கூட்டிக்கொள்ளட்டும்.

சேவையை நிறுத்தித் தொடக்கினேன்.
ஒரு சேர்வர் பேசாமல் இருந்தது. மூன்று சம்மதித்தன.
ஐம்பத்துச் சொச்ச வருடத்தை
பெட்டி ஒரே மூச்சில் தாண்டியது. சத்தமேயில்லை.
அரை மணி கழித்துப் பார்த்தால்
ஒரு சிறு கோப்பில், தன் கைப்பட,
தான் நாளுக்கு மூன்று செக்கன் பிந்துகிறவன் என்று
குறித்து வைத்திருந்தது.

பழைய பதிவுகளை அழிக்கவில்லை.
1970 என்றே இருக்கட்டும்;
எத்தனை தரம் விழுந்து எழும்பியதென்று
எண்ணவாவது உதவும்.

"சரி வந்திட்டா புள்ள?"
"வந்திட்டு. நாற்பது மில்லிசெக்கன் வித்தியாசம்."
"அப்ப நான் வெளிக்கிடுறன்," என்றார்,
வெளிக்கிடவில்லை.
தெருமுனையில் யாரோ கையைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

பின்னேரம் நாலேகால்.
நேரம் தெரிந்தபின் பெட்டியின் முதல் அளவு:
அறுபத்தாறு சென்ரிமீற்றர்.
அதில் நாலு வாவியுடையதல்ல.
அப்போதுதான் கழன்று போன
பாதையின் அலை.